கணிப்பொறியிலும் ஒரு மகமை!

சென்னையின் மேற்குப் புறநகர் என்றால் ஒரு காலத்தில் லேத் பட்டறையும் டாங்கித் தொழிற்சாலையும்தான் நினைவுக்கு வரும். 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இவ்விரண்டையும் நம்பி மளிகை, ஹார்டுவேர், ஜவுளி, பாத்திரம் என்று கடைகள் பெருகின. இன்று அதே தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே கணிப்பொறி நிறுவனங்கள் கண்ணாடிக் கட்டடங்களில் நடக்கின்றன. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பொறியியற் கல்லூரிகளில் நம் உறுப்பினர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலரும் கணிப்பொறிப் படிப்பே படிக்கிறார்கள்.

இதனால் வணிகக் குடும்பங்களில் ஒரு புதுக் குறை எழுந்திருக்கிறது. "பையன் ராத்திரி முழுக்கப் போட்டி, போட்டி என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான். கேட்டால் சம்பளம் இல்லாமல் யாருக்கோ புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன் என்கிறான். கடைக்கு வந்தால் ஒரு கை உதவியாக இருக்கும். இதனால் என்ன லாபம்?" நியாயமான கேள்விதான். லாபம் என்ன என்று கேட்காத வியாபாரி வியாபாரியே அல்ல. அதே அளவுகோலை வைத்தே இந்த விஷயத்தை இங்கு எடை போட்டுப் பார்ப்போம்.

இரவு எட்டு மணிப் போட்டி

பிள்ளைகள் சொல்லும் போட்டி விளையாட்டுப் போட்டி அல்ல, கணக்குப் போட்டி. சில புதிர்க் கணக்குகளைக் கொடுப்பார்கள். கணிப்பொறிக்குப் புரியும் வகையில் அதற்கு வழி எழுத வேண்டும். விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. குறித்த நொடிகளுக்குள் கணிப்பொறி அந்த விடையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இவற்றில் பழைமையானது கல்லூரி மாணவர்களுக்கான ஐ.சி.பி.சி. என்னும் உலகப் போட்டி. 1970-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேர்விட்டது. ஓர் அணிக்கு மூன்று பேர், மூவருக்கும் சேர்த்து ஒரே கணிப்பொறி, ஐந்து மணி நேரம் என்பது அதன் விதி. பள்ளி மாணவர்களுக்கென உலகக் கணினி ஒலிம்பியாட் தனியாக உண்டு. இந்தியா அதில் 2002 முதல் கலந்துகொள்கிறது. நம் நாட்டு அணியைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கும் பணியில் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்ளும் போட்டிகளும் உள்ளன. 2009-ல் நம் நாட்டில் தொடங்கப்பட்டது கோடுஷெஃப். ரஷ்யாவின் சரத்தோவ் நகரிலிருந்து நடத்தப்படுவது கோடுஃபோர்சஸ். இதன் போட்டிகள் பெரும்பாலும் நம் நேரப்படி இரவு 8.05-க்கு ஆரம்பிக்கின்றன. கடையில் கூட்டம் நெரியும் நேரமும் அதுவே. வீட்டுச் சண்டைக்குப் பாதிக் காரணம் இந்தக் கடிகாரம்தான்!

எடைக்கல் சொல்லும் பாடம்

போட்டியில் கேட்கப்படும் கணக்குகள் நமக்கு அந்நியமானவை அல்ல. ஒன்று பாருங்கள். ஒரு தராசும் நான்கே எடைக்கற்களும் இருக்கின்றன. 1 கிலோ முதல் 40 கிலோ வரை எந்த முழு எடையையும் நிறுக்க வேண்டும். எந்த நான்கு கற்கள் வேண்டும்?

விடை: 1, 3, 9, 27 கிலோ. 2 கிலோ நிறுக்க 3 கிலோ கல்லை ஒரு தட்டிலும், 1 கிலோ கல்லைச் சரக்கோடு சேர்த்து மறு தட்டிலும் வைத்தால் போதும். 5 கிலோவுக்கு 9 ஒரு பக்கம். 3-ம் 1-ம் சரக்குப் பக்கம். நான்கு கற்களையும் கூட்டினால் சரியாக 40. பல நூற்றாண்டுகளாகக் கணித நூல்களில் வரும் கணக்கு இது. கல்லைச் சரக்குப் பக்கமும் வைக்கலாம் என்று தோன்றுகிறதே, அந்த யோசனைதான் இங்கே மூலதனம்.

இன்னொன்று. வண்டியில் 500 கிலோதான் ஏற்றலாம். ஒரு சரக்கு 300 கிலோ, லாபம் ரூ.1,500. வேறு இரண்டு சரக்குகள் ஒவ்வொன்றும் 250 கிலோ, லாபம் ரூ.1,100. எதையும் பிரித்து ஏற்ற முடியாது. கிலோவுக்கு எது அதிக லாபம் என்று பார்த்தால் முதல் சரக்குதான். கிலோவுக்கு 5 ரூபாய். அதை ஏற்றினால் மற்றவற்றுக்கு இடமில்லை. லாபம் ரூ.1,500-உடன் நின்றுவிடும். மற்ற இரண்டையும் ஏற்றினால் ரூ.2,200. கண்ணுக்குப் பட்ட லாபத்தை முதலில் எடுத்தவன் ரூ.700 இழந்தான்.

மூன்று சரக்கு என்றால் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். 40 சரக்கு என்றால்? எதை ஏற்றுவது, எதை விடுவது என்பதற்கு ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி கிளம்பாது. 1 கிலோ ஏற்றினால் அதிகபட்ச லாபம் என்ன, 2 கிலோ ஏற்றினால் என்ன என்று சிறிதிலிருந்து பெரிதாகப் பட்டியல் போட்டுக்கொண்டே போனால் சுமார் 20,000 கட்டங்களில் விடை வந்துவிடும். கணிப்பொறிக்கு அது கண்சிமிட்டும் நேர வேலை. இந்தப் பட்டியல் வித்தையைத்தான் உங்கள் பிள்ளை இரவில் பழகுகிறான். சரக்கு ஏற்றுவது, எத்தனை கடைகளுக்கு எந்த வழியாகப் போய் டெலிவரி கொடுப்பது, கிடங்கில் எதை எவ்வளவு வைப்பது என எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இப்படிப்பட்ட கணக்குகளே.

இதற்குச் சந்தை மதிப்பும் உண்டு. திருச்சி என்.ஐ.டி.யில் படித்த விவேக் ரவிசங்கர், ஹரி கருணாநிதி என்ற இருவர் 2009-ல் தொடங்கிய நிறுவனம் பின்னர் ஹேக்கர்ராங்க் என்று பெயர் பெற்றது. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இதுபோன்ற கணக்குகளைக் கொடுத்துப் பார்க்க அது வழிசெய்தது. இன்று மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர் முதலில் கடக்க வேண்டிய வாசல் இப்படிப்பட்ட தேர்வுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 2025 செப்டம்பரில் பாகு நகரில் ஐ.சி.பி.சி. உலக இறுதிப் போட்டி நடந்தது. அதில் கொடுத்த 12 கணக்குகளையும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு முறை தீர்த்துவிட்டது. கூகுள் நிறுவனத்தின் முறை 10 கணக்குகளைத் தீர்த்தது. மாணவர் அணிகளில் முதலிடம் பெற்றவர்கள் தீர்த்தது 11. ஆகவே போட்டியில் வாங்கும் மதிப்பெண்ணை மட்டும் நம்பி இருக்க முடியாது. கால்குலேட்டர் வந்தபின்னும் கணக்குத் தெரிந்த கணக்குப்பிள்ளை தேவைப்பட்டார். விடை தவறாக வந்தால் கண்டுபிடிக்க அவர்தான் இருந்தார். எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று அறிந்தவனுக்கு என்றும் வேலை உண்டு. அந்த அறிவு கடையிலும் பட்டறையிலும் கிடைக்கிறது. வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு இது கூடுதல் முதல்.

இலவசமாக ஏன் எழுதுகிறார்கள்?

இனி இரண்டாவது கேள்வி. உழைத்து எழுதிய புரோகிராமை ஏன் ஊருக்குக் கொடுக்கிறார்கள்?

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். கடையில் விற்கும் மசாலாப் பொட்டலத்தில் பொடி இருக்கும். என்ன பக்குவத்தில் அரைத்தார்கள் என்ற செய்முறை இருக்காது. நாம் வாங்கும் பில்லிங் மென்பொருள்களில் பெரும்பாலானவை அப்படித்தான். ஓடும், ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது, மாற்ற முடியாது. பொடியோடு செய்முறையையும் சேர்த்துக் கொடுப்பதுதான் திறமூல மென்பொருள். யாரும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், காரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் இதை ஓர் இயக்கமாகவே அறிவித்தார். அவர் வகுத்த உரிம முறையில் ஒரு நிபந்தனை முக்கியமானது. செய்முறையை வாங்கி, மாற்றிப் பிறருக்குக் கொடுக்கிறவர், மாற்றிய செய்முறையையும் அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். பொதுக்கிணற்றில் நீர் இறைக்கலாம், வேலி போடக்கூடாது என்பது போன்ற ஏற்பாடு. 1991-ல் பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ் இப்படித்தான் ஆயிரக்கணக்கானோர் கைபட்டு வளர்ந்தது. நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இருப்பதும் லினக்ஸின் கருவே.

நம் மாநிலமும் இதற்குப் புதிதல்ல. சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் பல ஆண்டுகள் மாதந்தோறும் கூடியது. அதிராம்பட்டினத்து உமர்தம்பி தமிழ் யூனிகோடு எழுத்துருக்களை ஆக்கி ஊருக்கு இலவசமாகத் தந்தார். அவர் 2006-ல் மறைந்தபின்னும் அவர் எழுத்து நிற்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' இதழ் இந்த நுட்பங்களைத் தமிழிலேயே எழுதி வருகிறது. 2005 முதல் கூகுள் நிறுவனம் கோடைதோறும் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் திறமூல வேலை பழக்குகிறது. அதன் முதல் பத்தாண்டில் மிகுதியான மாணவர்களைத் தந்த பல்கலைக்கழகம் எது தெரியுமா? இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம்! பணக்கார நாடு என்பதால் வந்த பெருமை அல்ல, பழக்கத்தால் வந்தது.

நம் முன்னோர் செய்ததுதான்

விருதுநகர், சிவகாசி வணிகர்கள் மகமை எடுத்த கதை நமக்குத் தெரியும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை எடுத்து வைத்தார்கள். தனியாகப் பார்த்தால் அது சில்லறை. சேர்ந்தபோது பேட்டை ஆயிற்று, கிணறு ஆயிற்று, பள்ளிக்கூடம் ஆயிற்று. விருதுநகரில் 1889-ல் தோன்றிய சத்திரிய வித்யாசாலையில்தான் பெருந்தலைவர் காமராசர் படித்தார்.

திறமூல மென்பொருளும் ஒரு மகமைதான். ஒருவன் ஒரு பிழையைத் திருத்துகிறான். இன்னொருத்தி ஒரு பகுதியைத் தமிழாக்குகிறாள். மூன்றாமவர் பயன்படுத்தும் விதத்தை எழுதி வைக்கிறார். சேர்ந்தது எல்லோருக்கும் சொத்து. கொடுத்தவர்க்குக் கிடைப்பது பெயர். கடைக்கு நற்பெயர் என்ன செய்யுமோ அதையே இந்தத் துறையில் அது செய்கிறது. வேலை கேட்டுப் போகும்போது, 'இதோ நான் எழுதியது, யாரும் திறந்து பார்க்கலாம்' என்று காட்ட முடிகிறது.

மகமையில் செல்லாக் காசு போடுகிறவர்களும் உண்டு. அக்டோபர் மாதந்தோறும் திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில் சில திருத்தங்கள் செய்தோருக்கு டி-ஷர்ட் கொடுத்தார்கள். 2020-ல் அந்தச் சட்டைக்காக ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஒரு புள்ளியை மாற்றுவது என்று குப்பைத் திருத்தங்களை ஏராளமாக அனுப்பினார்கள். பராமரிப்பவர்கள் நொந்துபோனதால் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வளர்க்க வேண்டும்.

உண்டியல் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. உலகின் பெரும்பகுதி இணைய வணிகத்தின் பூட்டாக இருந்த ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற திறமூல மென்பொருளில் 2014 ஏப்ரலில் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. விசாரித்தால், அதற்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழு நேரமாக அதைக் கவனித்தவர் ஒரே ஒருவர். கோடி கோடியாகச் சம்பாதித்த நிறுவனங்கள் அந்தப் பூட்டைப் பயன்படுத்தின. எண்ணெய் போட யாருமில்லை. பிறகுதான் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து நிதி திரட்டின. நம் நாட்டிலும் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, திறமூலப் பணிகளுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்குவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது.

ஒரு மரச்சாமான் வியாபாரத்தில் பிறந்தது

வணிகர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. மும்பையைச் சேர்ந்த ருஷப் மேத்தாவின் குடும்பத்துக்கு மரச்சாமான் தொழில். தொழில் முழுவதையும் ஒரே மென்பொருளில் கொண்டுவர முயன்றபோது, வாங்கிய மென்பொருள் சரிப்பட்டு வரவில்லை. ருஷப் தானே எழுத உட்கார்ந்தார். 2008-ல் அதையே தொழிலாக்கினார். அதுதான் இன்று பல நாடுகளில் பயன்படும் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட். சரக்கு இருப்பு, கொள்முதல், விற்பனை, கணக்கு எல்லாம் உண்டு. செய்முறை முழுதும் திறந்திருக்கிறது. சம்பாத்தியம்? சர்வர் வாடகை, பராமரிப்பு, உதவிச் சேவை ஆகியவற்றில் வருகிறது. சரக்கு இலவசம், சேவைக்குக் கட்டணம் என்பதும் ஒரு வியாபாரமே. கணக்கெழுத மட்டும் போதும் என்போருக்கு, பார்வையற்றவரான கிருஷ்ணகாந்த் மானே முன்னின்று உருவாக்கிய குனுகாத்தா என்ற மென்பொருளும் வந்தது.

கடைக்காரரின் மகனும் மகளும் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் கணக்கு யார் கையில்?

இங்கேதான் நம் பிழைப்பே சம்பந்தப்பட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள்! நம் பில்லிங் மென்பொருளை விற்றவர் மூன்றாம் ஆண்டில் கடையை மூடிவிட்டால்? ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் திறக்காது என்றால்? அதிகாரி கேட்கும்போது 'கணக்கு இருக்கிறது, பெட்டி திறக்கவில்லை' என்று சொல்ல முடியாது. பற்று நோட்டின் சாவி நம்மிடம் இருக்க வேண்டும்.

ஆகவே நம் உறுப்பினர்களுக்குச் சில யோசனைகள்:

1. எந்த மென்பொருள் வாங்கினாலும் முதலில் இதைக் கேளுங்கள்: சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் பாக்கி, பழைய பில்கள் அனைத்தையும் விற்றவர் உதவி இல்லாமல் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றால் விலை எவ்வளவு குறைவானாலும் யோசியுங்கள்.

2. வாரம் ஒருமுறை கணக்கைப் பென்டிரைவில் நகலெடுத்து வீட்டில் வையுங்கள். எடுத்தது திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

3. திருட்டு நகல் வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பதோடு வைரஸும் கூடவே வரும். கடிதம், விலைப்பட்டியல், கணக்குத் தாள் போன்றவற்றுக்கு லிப்ரே ஆபீஸ் என்ற திறமூல மென்பொருளே போதும். 2010 முதல் கிடைக்கிறது; தமிழிலும் எழுதலாம்; காசு இல்லை.

4. திறமூல பில்லிங் மென்பொருளுக்கு மாற விரும்புவோர் திடீரென்று மாறாதீர்கள். மென்பொருள் இலவசம் என்றாலும் நிறுவுதல், பயிற்சி, பராமரிப்புக்குச் செலவு உண்டு. இந்திய ஜி.எஸ்.டி.க்கான வசதி அதில் இருக்கிறதா என்று ஆடிட்டரைக் கேளுங்கள். இரண்டு மாதமாவது பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். புதுக் கணக்கை ஏப்ரல் 1-ல் தொடங்குவது நல்லது.

5. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1.4.2023 முதல், செய்த திருத்தங்களையெல்லாம் நாளோடு பதிந்து வைக்கும் வசதி கணக்கு மென்பொருளில் கட்டாயம் இருக்க வேண்டும்.

6. வீட்டுப் பிள்ளைக்குக் கடையிலிருந்தே கணக்கு கொடுங்கள். காலாவதித் தேதி நெருங்கும் சரக்கு எது? எந்தச் சரக்கு எந்த வாரம் தீரும்? யாருடைய கடன் 90 நாள் தாண்டியது? எழுதிக் காட்டட்டும். சரியாக வந்தால் செய்முறையை ஊருக்கும் கொடுக்கட்டும். ஆனால் வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், கடவுச்சொல் எதுவும் அதில் போகக்கூடாது.

7. ஒரு திறமூல மென்பொருள் நம் கடைக்குப் பயன்பட்டால், ஆயுத பூஜையன்று அதற்கும் ஒரு சிறு தொகை எடுத்து வையுங்கள். பணம் கொடுக்க இயலாவிட்டால், கண்ட பிழையை எழுதி அனுப்புங்கள். அதுவும் மகமையே.

எட்டு மணிச் சண்டைக்கும் ஒரு சமரசம் சொல்கிறோம். போட்டி தினமும் இல்லை. வாரத்தில் ஓரிரு நாள்தான். அந்த நாட்களைப் பிள்ளை முன்கூட்டியே சொல்லட்டும். அன்று கல்லாவுக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் அவன் வந்து கல்லாவில் உட்காரட்டும். கடையில் என்ன கணக்கு தேவை என்பதை அங்கேதான் அவன் கற்றுக்கொள்வான். அதைத் தீர்க்கும் வழியை இரவில் எழுதிக்கொள்வான்.